வாடகை வீட்டிலிருந்து முதலாம் தரத்துக்கு: கொழும்பில் பாடசாலை அனுமதி பெற்ற அனுபவம்

கொழும்பில் அரச பாடசாலையொன்றின் முதலாம் தரத்தில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் காட்ட வேண்டிய ஆவணங்களுள் மிகவும் பெறுமதியானவை ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்பவை. பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பும் தறுவாயில் விண்ணப்பிக்கிறோம். ஆகவே பிள்ளை பிறந்த காலத்திலிருந்தே அந்த ஆவணங்கள் சேரத் தொடங்கியிருக்க வேண்டும். சொந்த வீட்டில் நெடுங்காலமாக வாழ்பவர்களுக்கு இது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்குக் குடியிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களோ ஒவ்வோர் ஆண்டும் நினைவில் வைத்து இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் மகனை முதலாம் தரத்தில் சேர்த்த அனுபவத்தை, இப்போது கைக்குழந்தையோடு இருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அனுமதிக்கான விதிகள் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையில் உள்ளன. ஆண்டுதோறும் அது மூன்று மொழிகளிலும் வெளியிடப்படுகிறது. அமைச்சின் இணையத்தளத்திலும் கிடைக்கும். அனுமதி பெறும் ஆண்டின் ஜனவரி 31 ஆம் திகதியன்று பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். இடங்கள் ஆறு வகையினருக்குப் பகிரப்படுகின்றன: பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 சதவீதம், அதே பாடசாலையின் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 சதவீதம், ஏற்கெனவே அங்கு கற்பவர்களின் சகோதர சகோதரிகளுக்கு 15 சதவீதம், பாடசாலைக் கல்வியுடன் நேரடியாகத் தொடர்புடைய நிறுவனங்களின் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு 5 சதவீதம், சேவைத் தேவையின் பொருட்டு இடமாற்றம் பெற்று வந்த அரச, கூட்டுத்தாபன, அரச வங்கி உத்தியோகத்தர்களின் பிள்ளைகளுக்கு 4 சதவீதம், பிள்ளையுடன் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியோருக்கு 1 சதவீதம்.

இந்தப் பட்டியலை முதன்முறை நிதானமாக வாசித்தபோதுதான் எங்கள் நிலைமை எங்களுக்குத் தெளிவாயிற்று. நானும் என் கணவரும் யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள். எனவே கொழும்புப் பாடசாலை எதிலும் பழைய மாணவர் என்ற வகையில் எங்களுக்கு உரிமை இல்லை. மகன் மூத்த பிள்ளை என்பதால் சகோதரர் வகையும் இல்லை. கணவர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிவதால் இடமாற்ற வகையும் பொருந்தாது. எஞ்சியது அண்மை வகை ஒன்றே. போரினாலோ தொழிலினாலோ இடம்பெயர்ந்து வந்த தலைமுறையினருட் பலருக்கு நிலைமை இதுவேதான். பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள் என்பதோ, எவ்வளவு காலமாக இந்த நகரத்துக்காக உழைக்கிறார்கள் என்பதோ அங்கே கணக்கில் வருவதில்லை. எங்கே வசிக்கிறார்கள், அதை எந்தத் தாளினால் நிரூபிக்கிறார்கள் என்பவையே கணக்கில் வருகின்றன. இது குறையா நிறையா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு: முகம் பார்த்து இடம் கொடுக்கும் முறையைவிடத் தாள் பார்த்துக் கொடுக்கும் முறை ஏழைக் குடும்பங்களுக்கு நல்லது. ஆனால் அந்தத் தாளைப் பெறும் வழி வாடகைக் குடியிருப்பாளருக்கும் திறந்திருக்க வேண்டும்.

அண்மை வகையில் வழங்கப்படும் 100 புள்ளிகளில் அரைவாசி தூரத்துக்கு உரியவை. ஆயினும் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான மீற்றர்கள் மட்டும் அங்கே கணிக்கப்படுவதில்லை. வரைபடத்தில் வீட்டை மையமாகவும், விண்ணப்பிக்கும் பாடசாலை வரையுள்ள நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாகவும் கொண்டு ஒரு வட்டம் வரையப்படும். அந்த வட்டத்துக்குள், உங்கள் பிள்ளையைச் சேர்க்கத்தக்க ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலை ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் கழிக்கப்படும். 'சேர்க்கத்தக்க' என்ற அந்தச் சொல்லைப் பெற்றோர் கவனித்து வாசிக்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு விண்ணப்பிக்கும்போது மகளிர் பாடசாலை கணக்கில் வரலாகாது. தமிழ்மொழிமூலத்துக்கு விண்ணப்பிக்கும்போது சிங்களமொழிமூலம் மட்டுமே உள்ள பாடசாலையும் வரலாகாது. கொழும்பில் தமிழ்மொழிமூல வகுப்புகள் உள்ள அரச பாடசாலைகள் ஒப்பீட்டளவில் குறைவு. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, கொழும்பு 13 விவேகானந்தா கல்லூரி முதலியவை தமிழ்ப் பாடசாலைகள், றோயல் கல்லூரியும் டி. எஸ். சேனாநாயக்க கல்லூரியும் இரு மொழிமூலங்களிலும் வகுப்புகள் நடத்துபவை. எனவே சிங்களமொழிமூல விண்ணப்பதாரியின் வட்டத்துக்குள் பல பாடசாலைகள் விழும் இடத்தில், தமிழ்மொழிமூல விண்ணப்பதாரியின் வட்டத்துக்குள் சிலவே விழும். எங்கள் வீட்டுக்கு இந்த வட்டத்தைக் கணினியில் நாங்களே வரைந்து, உள்ளே வரும் ஒவ்வொரு பாடசாலையின் பெயரையும் அதன் மொழிமூலத்தையும், முதலாம் தரம் அங்கு உண்டா என்பதையும் எழுதி வைத்தோம். அந்த ஒரு தாள் பிற்பாடு எங்களுக்குப் பெரிதும் உதவியது.

அடுத்து வருவது வாக்காளர் இடாப்பு. விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் தாய், தந்தை இருவரின் பெயர்களும் அதே முகவரியில் பதிவாகியிருந்தால் முழுப் புள்ளிகள் கிடைக்கும். பெயரில்லாத ஒவ்வோர் ஆண்டும் புள்ளிகளைக் குறைக்கும். எங்களவரிடையே பெரும் இழப்பு ஏற்படுவது இந்த இடத்தில்தான். கொழும்பில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தாலும் வாக்கு ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் அசட்டை மட்டுமன்று. காணி ஊரில் இருக்கிறது. பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள். தேர்தலில் ஊருக்காக வாக்களிப்பது பலருக்கு ஒரு கடமையாகவே இருக்கிறது. என் மாமனாரும் அப்படியே எண்ணினார். மகன் பிறந்த ஆண்டில் எங்கள் பெயர்களை வெள்ளவத்தைக்கு மாற்றப்போகிறோம் என்று சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பிள்ளையின்ரை படிப்புக்கு எண்டால் மாத்துங்கோ" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எளிதாக இருந்திருக்காது என்பதை நான் அறிவேன். அவரவர் மனச்சாட்சிப்படி முடிவெடுக்க வேண்டிய விடயம் இது. ஆனால் பிள்ளையைக் கொழும்பு அரச பாடசாலையில் சேர்க்கப்போவது உறுதியானால், அந்த முடிவைப் பிள்ளைக்கு நான்கு வயதாகும்வரை தள்ளிப்போட முடியாது.

பதிவு செய்யும் முறை கடினமானதன்று. இடாப்பு ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் ஊடாக மீளாய்வு செய்யப்படுகிறது. தொடர்மாடிகளில் படிவம் காவலாளியிடமோ வீட்டுச் சொந்தக்காரரிடமோ கொடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிடுவதுண்டு. ஆகையால் நீங்களே கிராம உத்தியோகத்தரைத் தேடிச் சென்று கேட்பது நல்லது. பெயர் சேர்ந்துவிட்டதா என்பதைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். விடுபட்டிருந்தால் இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்படுவதற்கு முன்னர் கோரிக்கை சமர்ப்பிக்க ஒரு கால அவகாசம் தரப்படுகிறது. நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சோதனையைச் செய்தோம். ஓராண்டில் என் கணவரின் பெயர் விடுபட்டிருந்ததை அவ்வாறுதான் உரிய காலத்தில் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டோம்.

வாடகைக் குடியிருப்பாளரின் உண்மையான சிக்கல் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம். எங்கள் வீட்டின் உரிமையாளர் கனடாவில் வாழ்கிறார். தம் சார்பில் செயற்பட அவர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவத்தின்படி அவருடைய மைத்துனரே வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அந்த முதியவர் நல்ல மனிதர். வாடகைப் பற்றுச்சீட்டைத் தவறாமல் தருபவர். ஆனால் வாக்காளர் படிவத்தைப் பற்றிப் பேசியதும் தயங்கினார். "பிள்ளை, பேரைப் பதிஞ்சால் பிறகு வீட்டை விட்டு எழும்ப மாட்டியள் எண்டு அவர் பயப்பிடுறார்" என்றார். இந்தப் பயம் வெறுங்கற்பனையன்று. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்கு அளித்த பாதுகாப்பினால் வீட்டைத் திரும்பப் பெற ஆண்டுக்கணக்கில் வழக்காடிய உரிமையாளர்களின் கதைகள் கொழும்பில் ஏராளம். அவரோடு வாதாடுவதை விட்டு, அவருடைய அச்சம் எதைப் பற்றியது என்பதைக் கேட்டு அதற்கு விடை தேடினோம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது ஒருவர் அங்கு வசிக்கிறார் என்பதைக் காட்டுமேயன்றி, வீட்டின் மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்பதை அவருக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரையே கொண்டு விளக்கச் செய்தோம். அதே நொத்தாரிசு வாடகை உடன்படிக்கையை முடிவுத் திகதியுடன் எழுதி, முத்திரைத் தீர்வை செலுத்தி, காணிப் பதிவகத்தில் பதிவு செய்து தந்தார். செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். உடன்படிக்கை பதிவானதால் உரிமையாளருக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் வதிவிட ஆவணம். பதிவு செய்யப்படாத, வெறும் தாளில் எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை நம்பிப் பல ஆண்டுகளைக் கழித்த குடும்பங்களை நான் அறிவேன்; நேர்முகப் பரீட்சையில் அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்கவில்லை.

ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கு மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கு குலைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு மூன்று வயதானபோது காலி வீதிக்கு அப்பால் சற்று விசாலமான வீடொன்று அதே வாடகைக்குக் கிடைத்தது. வசதியாக இருந்திருக்கும். ஆனால் பாடசாலைக்கு விண்ணப்பிக்கும்வரை அசைவதில்லை என்று முடிவு செய்து, ஒடுங்கிய பழைய வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

துணை ஆவணங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பெற்றோரின் தேசிய அடையாள அட்டையில் அதே முகவரி, மின்சார, நீர்க் கட்டணப் பட்டியல்கள், தொலைபேசிப் பட்டியல், வங்கிக் கடிதம், கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமிடப்பட்ட வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றை ஆண்டுவாரியாகச் சேர்த்து ஒரே கோப்பில் வைத்திருந்தால் போதும். வாடகை வீட்டில் மின்சாரப் பட்டியல் உரிமையாளரின் பெயரில் வருவது வழக்கம். அதனால் நம் பெயரில் வரக்கூடிய ஏதாவது ஒன்றை, தொலைபேசி இணைப்பையேனும், தொடக்கத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

பெயர்களின் எழுத்து வேறுபாடு தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை. என் பிறப்புச் சான்றிதழ் தமிழில் உள்ளது. அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக உள்ளது. வாக்காளர் இடாப்பில் அது முதலெழுத்தாகச் சுருங்கி, சிங்களத்திலிருந்து மீண்டும் தமிழுக்கு வந்தபோது ஓர் எழுத்து மாறியிருந்தது. இத்தகைய வேறுபாடுகளைக் கண்டால், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து முன்கூட்டியே கோப்பில் வைத்துவிடுங்கள். நேர்முகப் பரீட்சை மேசையில் அந்தக் கேள்வி எழுந்த பிறகு ஓடித் திரிவதில் பயனில்லை.

சுற்றறிக்கையோடு வெளியிடப்படும் மாதிரிப் படிவத்தின்படி விண்ணப்பத்தைத் தயாரித்து, ஒவ்வொரு பாடசாலையின் அதிபருக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். தபாற் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். ஒரேயொரு பெயர்பெற்ற பாடசாலையை மட்டும் நம்பி விண்ணப்பிப்பது ஆபத்தானது. நம் வட்டத்தின் நடுவே இருக்கும் சிறிய பாடசாலைக்கும் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்; அங்கே நமது தூரப் புள்ளிகள் கழிவின்றிக் கிடைக்கும். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்ற வேளையில் இருந்த மதவாரியான விகிதம் இன்றும் கவனத்தில் கொள்ளப்படுகிறது. ஒரே தூரத்தில் வாழும் சைவக் குடும்பத்துக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் வெட்டுப்புள்ளி வேறுபடுவது இதனால்தான். அன்று அரசிடம் ஒப்படைக்கப்படாது தனியார் பாடசாலைகளாகவே நின்ற மருதானை புனித சூசையப்பர் கல்லூரி போன்றவை தமது விண்ணப்பங்களைத் தாமே கோருகின்றன; அவற்றின் கால அட்டவணை அரச பாடசாலைகளினுடையதோடு ஒத்துவராது என்பதால் தனியாக விசாரித்துக் குறித்து வைக்க வேண்டும்.

பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். அரச பாடசாலையின் முதலாம் தர நேர்முகத்தில் பிள்ளை பரீட்சிக்கப்படுவதில்லை. பரிசோதிக்கப்படுபவை பெற்றோரின் ஆவணங்களே. இதை அறியாமல், நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலப் பாட்டும் கூட்டற் கணக்கும் நெருக்கிப் புகட்டி, "நேர்முகத்தில் சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் கிடைக்காது" என்று அச்சுறுத்துவதை எங்கள் முன்பள்ளி வாசலிலேயே கேட்டிருக்கிறேன். அது கொடுமை. குழந்தை விளையாடட்டும், கோப்பைச் சேர்ப்பது பெற்றோரின் வேலை.

நேர்முகப் பரீட்சைக் குழுவில் அதிபருடன் ஆசிரியர்களும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினதும் பழைய மாணவர் சங்கத்தினதும் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்தனர். மூலப்பிரதிகளையும் நிழற்பிரதிகளையும் ஆண்டு ஒழுங்கில் அடுக்கிக் கொடுத்ததால் வேலை விரைவாக முடிந்தது. எந்தத் தலைப்பில் எத்தனை புள்ளிகள் என்று எங்களுக்குக் காட்டிக் கையொப்பம் பெற்றனர். கையொப்பமிடும் முன் அந்தத் தாளை நிதானமாக வாசித்து, விபரத்தை எழுதிக்கொள்ளத் தயங்கக் கூடாது. பின்னால் அமர்ந்திருப்போர் அவசரப்படுகிறார்களே என்ற கூச்சம் அந்த இடத்தில் வேண்டாம்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை காலையில், முன்னறிவித்தல் இன்றி, வதிவிடத்தை உறுதி செய்ய வந்தனர். சமையலறையில் அரிசி உலையில் இருந்தது. மகன் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டாரிடமும் விசாரித்துவிட்டுச் சென்றனர். உண்மையாக வசிப்பவருக்கு இதில் அஞ்ச ஏதுமில்லை. பாடசாலைக்கு அருகே ஓர் அறையைப் பெயருக்கு எடுத்து, பொய்யான முகவரியில் விண்ணப்பிக்க வழிகாட்டும் தரகர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் அனுப்பப்பட்டார், மறுத்துவிட்டோம். பொய் ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். சேர்த்த பிறகு தெரியவந்தாலும் பிள்ளை பாடசாலையிலிருந்து நீக்கப்படும். அதைவிட மேலாக, "எங்கே இருக்கிறாய்?" என்று ஆசிரியை கேட்கும்போது பொய் சொல்லும்படி ஓர் ஐந்து வயதுப் பிள்ளையைப் பழக்க வேண்டிவரும். அனுமதிக்காக யாரேனும் பணம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

தற்காலிகப் பட்டியல் அறிவித்தற் பலகையில் வந்தபோது, நாங்கள் முதலாவதாக விரும்பிய பாடசாலையில் மகனின் பெயர் இருக்கவில்லை. வெட்டுப்புள்ளிக்கும் எங்கள் புள்ளிக்கும் இடையே இருந்த வேறுபாடு சிறியது. நேர்முகத்தில் எழுதிவந்த விபரத்தை எங்கள் வட்டத் தாளோடு ஒப்பிட்டபோது காரணம் தெரிந்தது: தமிழ்மொழிமூல முதலாம் தரம் இல்லாத ஒரு பாடசாலைக்கும் புள்ளிகள் கழிக்கப்பட்டிருந்தன. மேன்முறையீட்டுக்கு விதிக்கப்பட்ட கால எல்லைக்குள், கோபச் சொற்கள் எதுவுமின்றி, ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். அந்தப் பாடசாலையில் தமிழ்மொழிமூலம் இல்லை என்பதை அதன் அதிபரிடமிருந்தே எழுத்தில் பெற்று, வரைபடத்துடன் இணைத்தோம். மேன்முறையீட்டுச் சபைக்கு வேறொரு பாடசாலையின் அதிபரே தலைமை தாங்குகிறார். எனவே முதற்குழுவின் முடிவு புதிய கண்களால் பார்க்கப்படுகிறது. "எங்கள் பிள்ளை கெட்டிக்காரன், தயவுசெய்து இடம் தாருங்கள்" என்ற மன்றாட்டத்துக்கு அங்கே புள்ளி இல்லை. எந்தத் தலைப்பில், எந்த விதிப்படி, எவ்வளவு புள்ளி திருத்தப்பட வேண்டும் என்று காட்டுவதற்கே பலன் உண்டு. எங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு, இறுதிப் பட்டியலில் மகனின் பெயர் வந்தது. அங்கும் நியாயம் கிடைக்காதவர்களுக்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவுடன் உயர் நீதிமன்றத்தை நாட வழியுண்டு. மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் சட்டத்தரணியிடம் தாமதமின்றிச் செல்ல வேண்டும். எந்தப் பாடசாலையிலும் இடம் கிடைக்காத பிள்ளைக்கு, வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் கோரிக்கை விடுத்து, வெற்றிடமுள்ள பாடசாலையொன்றைக் கேட்கலாம். கல்வி கட்டாயமாக்கப்பட்ட ஐந்து முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளை என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இறுதிப் பட்டியல் வருவதற்கு முன்பே, வீட்டுக்கு மிக அண்மையிலுள்ள இன்னொரு பாடசாலையிலும் மகனுக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு பாடசாலை தொடங்கும் நாள்வரை பேசாமல் இருந்துவிடும் பெற்றோர் உண்டு. அதுவரை காத்திருப்புப் பட்டியலில் அடுத்துள்ள பிள்ளைக்கு இடம் உறுதியாவதில்லை. அதனால் இறுதிப் பட்டியலில் பெயரைப் பார்த்த அன்றே, இந்த இடம் எங்களுக்குத் தேவையில்லை என்று அந்த இரண்டாவது பாடசாலையின் அதிபருக்கு எழுதிக் கையளித்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொண்டோம். சில நாட்களில் எங்கள் ஒழுங்கையிலேயே வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது.